பின்னறை சும்மாதான் கிடக்கிறது

கீழ்த்தளம், 614 சம்மர் தெரு
பர்லிங்டன், அயோவா
ஜனவரி 21, 2013

அன்புள்ள திரு. ஓபர்லி,

உங்கள் காறை எலும்பு நலமா?

நம் இருவருக்கும் நடுவில் பதினான்கு படிகள் இருக்கின்றன. ஆனால் நீதிபதியின் உத்தரவுப்படி நேரில், தொலைபேசியில், மூன்றாம் ஆள் மூலம், கதவிடுக்கில் சீட்டுச் செருகி என்று எந்த வகையிலும் நாம் பேசிக்கொள்ளக் கூடாது. வீட்டு விஷயமாகத் தபாலில் மட்டும் எழுதலாம். இந்தக் கடிதம் டெ மாய்ன் வரை நூற்று அறுபது மைல் போய், அங்கே தரம் பிரிக்கப்பட்டு, திரும்பி வந்து உங்கள் பெட்டியில் விழுமாம். உங்கள் பெட்டி என் பெட்டிக்கு அடுத்தது. "ஆர்லிஸ், நானே இப்பிடித் தூக்கி அப்பிடிப் போட்டுடறேனே" என்றார் தபால்காரர். அவர் மூன்றாம் ஆள் ஆகிவிடுவார் என்பதால் மறுத்துவிட்டேன். நான் சட்டத்தை மதிப்பவள்.

என் மூக்கு இப்போது சற்று இடப்பக்கம் பார்க்கிறது. மறுபடி உடைத்தால் நேராக்கிவிடலாம் என்றார் டாக்டர். ஒரே மாதத்தில் இரண்டு முறை உடைத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

நான் சண்டைக்காரி அல்ல. லூத்தரன் சபையில் முப்பது வருஷம் காபி ஊற்றியவள். அன்று வாசலில் நான் உங்களிடம் சொன்னது என்ன? "மாடியில பின்னறை சும்மாதான் கிடக்கு. வேணும்னா உங்க பொண்ணுக்கு எடுத்துக்கோங்க." இதற்கு இந்த ஊரில் யாராக இருந்தாலும் என்ன சொல்வார்கள்? "ஐயோ வேண்டாம், உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்பார்கள். நான் மறுபடி சொல்வேன். அவர்கள் மறுபடி வேண்டாம் என்பார்கள். மூன்றாம் தடவையும் நான் சொன்னால்தான் மனதாரச் சொல்கிறேன் என்று பொருள். மூன்றாம் தடவை நான் சொல்வதாகவே இல்லை.

நீங்கள் சொன்னது: "சரி, தேங்க்ஸ்." முதல் தடவையிலேயே.

அன்று சாயங்காலத்துக்குள் காலமான என் கணவர் ஹார்லன் விட்டுப்போன, வேட்டையில் நிஜ வாத்துகளை ஈர்க்க மிதக்கவிடும் நூற்றெண்பது பொம்மை வாத்துகளையும் சாக்கில் கட்டி நிலவறையில் இறக்கிவிட்டீர்கள். நான் மாடிக்கு வந்தபோது என் கையில் பனி அள்ளும் மண்வெட்டி இருந்தது தற்செயல். அதைத் தலைக்கு மேல் தூக்கியது தற்செயல் அல்ல.

உத்தரவு வருவதற்கு முந்தின நாளே வாத்துகள் மறுபடி பின்னறைக்குப் போய்விட்டன. புதுப் பூட்டு போட்டிருக்கிறேன். குளிரில் தோளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உண்மையுள்ள,
ஆர்லிஸ் ப்ருகமன்


மாடி, 614 சம்மர் தெரு
ஜனவரி 28

அன்புள்ள மிஸஸ் ப்ருகமன்,

விசாரித்ததற்கு நன்றி. மண்வெட்டியின் விளிம்பு படாமல் தட்டைப் பக்கம் பட்டதால் எலும்பு ஒரே இடத்தில்தான் முறிந்தது. அதற்கும் நன்றி.

உங்கள் மூக்குக்காக வருந்துகிறேன். பிளாஸ்டிக் வாத்து என்று நினைத்துத்தான் எறிந்தேன். தண்ணீரில் நிமிர்ந்து நிற்பதற்காக அடியில் ஈயக்கட்டி வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. சத்தம் கேட்டபோது வாத்துதான் உடைந்தது என்று நினைத்தேன்.

'சரி' என்று சொன்னது என் வளர்ப்பின் கோளாறு. அப்பா இந்த ஊர்க்காரர்தான், அம்மா நியூஜெர்சி. அங்கே ஒருவர் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். கொடுக்காவிட்டாலும் வாங்கிக்கொள்வார்கள்.

நான் அவசரப்பட்டதற்கு ஒரு காரணம் உண்டு. மார்ச் 14 அன்று என் மகள் மேசி யாரிடம் வளர்வது என்று தீர்ப்பு. கதவும் ஜன்னலும் உள்ள தனி அறை ஒன்றை நான் காட்டவேண்டும். காட்டாவிட்டால் அவள் அம்மா அவளை டெக்சஸுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். எட்டு வயதுப் பெண்ணை வருஷத்துக்கு இரண்டு முறை விமான நிலையத்தில் பார்ப்பேன்.

வேறு வீடு தேடாமல் இல்லை. 'குறைந்த செலவில் நிறைந்த வாழ்க்கை' என்று ஊர் எல்லையில் பலகை வைத்திருக்கிறார்களே, அந்த வாழ்க்கையை மூன்று இடத்தில் போய்ப் பார்த்தேன். ஒன்றில் ஜன்னல் இல்லை. ஒன்றில் ஜன்னல் இருந்தது, சுவர் இல்லை. மூன்றாவது நல்ல வீடு. வீட்டுக்காரர் என் பெயரைக் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு, "கிழவி மூக்கை உடைச்ச ஆளு நீதானா?" என்றார். என் பக்க நியாயத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். கதவைச் சாத்தினார். விரல் நடுவில் இருந்தது. நகம் விழுந்துவிட்டது, மற்றபடி நலம்.

நான் நடக்கும்போதெல்லாம் கீழிருந்து துடைப்பக் கட்டையால் குத்துகிறீர்கள். காலுறையோடுதான் நடக்கிறேன். நேற்று பொறுக்கமுடியாமல், கல் போல் கனக்கும் பௌலிங் பந்தை இடுப்பு உயரத்திலிருந்து போட்டேன். அது என் குணமல்ல.

பணிவுடன்,
ட்ரென்ட் ஓபர்லி


கீழ்த்தளம்
பிப்ரவரி 4

அன்புள்ள திரு. ஓபர்லி,

பந்து போட்ட சேதி உங்கள் கடிதத்துக்கு முன்பே எனக்கு வந்து சேர்ந்துவிட்டது. சமையலறையின் உட்கூரை இரண்டடி அகலத்துக்குப் பெயர்ந்து என் தலையில் விழுந்தது. பதினோரு தையல். தையல் போட்ட நர்ஸ் என் சபைக்காரி. "மறுபடியும் மாடிக்காரனா?" என்று கேட்டாள். "தானா விழுந்தது" என்றேன். வாடகைக்காரரை விட்டுக்கொடுத்துப் பேசுவது எனக்குப் பழக்கமில்லை.

உங்களை அடிக்க வந்த என் மகன் ரோட்னியை நான் அனுப்பவில்லை. அவன் சீடர் ராபிட்ஸிலிருந்து தானாகவே வந்தான். இந்த வீட்டை அரிசோனா கம்பெனி ஒன்றுக்கு விற்க ஆள் பிடித்து வைத்திருக்கிறான். காலி வீடாக இருந்தால்தான் அவர்கள் வாங்குவார்கள். என் மூக்கைப் பார்த்ததும் அவனுக்கு நல்ல சாக்கு கிடைத்தது. கூரை ஓட்டை வழியாக எனக்கு எல்லாமே கேட்டது.

"எங்கம்மா மூக்கை உடைச்சது நீதானாடா?"

"ஆமாங்க. உக்காருங்க. காபி குடிக்கிறீங்களா?"

"காபியா? பல்லைத் தட்டிருவேன்."

"இப்பத்தான் போட்டேன். சூடா இருக்கு."

"கட்டுப் போட்ட கையை வச்சுக்கிட்டு நக்கலா பண்றே?"

பிறகு நாற்காலி விழுந்தது. நீங்கள் விழுந்தீர்கள். எது யார் என்று சத்தத்தை வைத்து எனக்குச் சொல்லத் தெரியும், பத்து வருஷமாக உங்களுக்குக் கீழே குடியிருக்கிறேன். பிறகு ரோட்னி, நாலு வயதில் கத்தியதைப்போல் ஒரு கத்து கத்தினான். இறங்கி வந்தபோது இடது காதின் கீழ்ப்பாதி இல்லை. என் சமையலறைத் துண்டை எடுத்து அழுத்திக்கொண்டு, "அவனைத் துரத்து, இல்லன்னா உன்னையும் சேத்துத் துரத்துவேன்" என்றான். நல்ல துண்டு அது.

அந்த ஓட்டையில் மற்றதும் கேட்கிறது. சனிக்கிழமை உங்கள் மகள் வந்திருந்தாள். "நான் இங்க எங்கப்பா தூங்குவேன்?" என்று கேட்டாள். மறுபடி கேட்டாள். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டீர்கள்.

பின்னறை சும்மாதான் கிடக்கிறது. வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள்.

உண்மையுள்ள,
ஆர்லிஸ் ப்ருகமன்


மாடி
பிப்ரவரி 11

அன்புள்ள மிஸஸ் ப்ருகமன்,

ஐயோ வேண்டாம். உங்களுக்கு எதுக்குச் சிரமம்.

சரியாகச் சொல்லிவிட்டேனா? இந்த இரண்டு வரியை எழுத எனக்கு ஒரு நாள் பிடித்தது. கை 'சரி' என்றே போகிறது.

உங்கள் மகனின் காது பற்றி. என் வலது கை கட்டுப்போட்டுக் கழுத்திலிருந்து தொங்கியது. இடது கையில் சுடச்சுடக் காபிக் கெண்டி. அவர் என் மார்பில் உட்கார்ந்து கழுத்தைப் பிடித்திருந்தார். எனக்கு மிச்சமிருந்தது வாய் ஒன்றுதான். அதையும் முதலில் பேசத்தான் பயன்படுத்தினேன்.

அந்தக் காதுத் துண்டைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. கழுவி, பையில் போட்டு, பெயரும் தேதியும் எழுதி நிலவறை உறைபெட்டியில் வைத்திருக்கிறேன். உங்கள் பாதியில்தான் வைக்கவேண்டியதாயிற்று. என் பாதி முழுக்க மான்கறி.

ஷெரீப்பின் ஆள் வந்து எழுதிக்கொண்டு போனார். தற்காப்பு என்றார். போகும்போது, "காதுன்னு கேக்கவே ஒரு மாதிரியா இருக்கு, அடுத்த தடவை மூக்கோட நிறுத்திக்க" என்று புத்தி சொன்னார்.

பணிவுடன்,
ட்ரென்ட்


கீழ்த்தளம்
பிப்ரவரி 18

அன்புள்ள திரு. ஓபர்லி,

உங்கள் கடிதம் வருவதற்கு முந்தின நாள் பட்டாணி எடுக்க உறைபெட்டியைத் திறந்தேன். உங்கள் கையெழுத்து தெளிவாக இருக்கிறது.

ரோட்னியைக் கூப்பிட்டுச் சொன்னேன். ஒட்டவைக்கும் காலம் தாண்டிவிட்டதாம். "தூக்கிப் போடும்மா" என்றான். தாய் அப்படிச் செய்துவிட முடியுமா? பட்டாணிக்குப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறேன்.

வியாழக்கிழமை விற்பனைக் காகிதங்களோடு வந்தான். கையெழுத்துப் போடமாட்டேன் என்றதும் என் மணிக்கட்டைப் பிடித்துப் பேனாவைச் செருகி அவனே எழுத ஆரம்பித்தான். 'ஆர்' வரை எழுதிவிட்டான். மணிக்கட்டு இப்போது பூசணிக்காய் நிறத்தில் இருக்கிறது. வாசல் வரை போய் வழியனுப்பினேன். அவன் காருக்குள் உட்கார்ந்து கையை உள்ளே இழுப்பதற்கு முன் கதவைச் சாத்தினேன். பலமாகத்தான் சாத்தினேன். அவனுடைய மூன்று விரல் போயிற்று என்று நினைத்தேன், இரண்டுதான்.

பெற்ற பிள்ளையை இப்படி எழுதுகிறேனே என்று நினைக்காதீர்கள். அவனுக்கு ஏழு வயதில் அம்மை வந்தபோது பதினேழு நாள் தூங்காமல் உட்கார்ந்திருந்தேன். அதுவும் நான்தான், கதவைச் சாத்தியதும் நான்தான்.

பின்னறை இன்னும் சும்மாதான் கிடக்கிறது. ஜன்னல் கிழக்குப் பக்கம். கதவு நன்றாகச் சாத்தும். எடுத்துக்கொள்ளுங்கள். இது இரண்டாம் தடவை. நீங்களும் எண்ணிக்கொள்ளுங்கள்.

உண்மையுள்ள,
ஆர்லிஸ் ப்ருகமன்


மாடி
பிப்ரவரி 25

அன்புள்ள மிஸஸ் ப்ருகமன்,

வேண்டாம், உண்மையாகவே வேண்டாம். எப்படியாவது சமாளித்துக்கொள்வோம்.

முறைப்படி எழுதவேண்டியதை எழுதிவிட்டேன். இப்போது முறையில்லாமல் ஒன்று: தயவுசெய்து உடனே எழுதுங்கள். உங்கள் கடிதம் எனக்கு வர ஏழு நாள் ஆகிறது. டெ மாய்னில் பனிப்புயல் என்கிறார்கள். மார்ச் 14க்கு இன்னும் பதினேழு நாள்தான். காலையில் ஜன்னலில் நின்று நீங்கள் தபால் பெட்டிக்குப் போகிறீர்களா என்று பார்க்கிறேன். நேற்று போனீர்கள். மின்சாரக் கட்டணம் போலிருக்கிறது.

தொழிற்சாலையில் என் பக்கத்து இயந்திரத்துக்காரன் டார்வினிடம் இதைச் சொன்னேன். "பூட்டை உடைச்சு உள்ள போடா மடையா, அந்தக் கிழவி இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கப்போறா?" என்றான். குத்திவிட்டேன். அவனுக்கு ஒரு பல், எனக்கு இரண்டு விரல் முட்டி. மூன்று நாள் வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மேசிக்கு இது தெரியாது. நீதிபதிக்கு நிச்சயம் தெரிந்திருக்கும்.

பணிவுடன்,
ட்ரென்ட்


மாவட்டச் சிறை
மார்ச் 6

அன்புள்ள திரு. ஓபர்லி,

விலாசம் மாறியதைக் கவனித்திருப்பீர்கள். இங்கே தபாலை முதலில் காவலர் படிப்பார், பிறகு பெரிய காவலர் படிப்பார், பிறகு முத்திரை குத்துவார்கள். அவர்கள் இருவருக்கும் என் வணக்கம்.

திங்கட்கிழமை நீங்கள் வேலைக்குப் போன பிறகு ரோட்னி பெரிய சம்மட்டியோடு வந்தான். பின்னறைச் சுவரை இடித்து மாடியை ஒரே கூடமாக்கிக் காட்டினால் அரிசோனாக்காரர்கள் உடனே வாங்குவார்களாம். மாடி ஏறினான். நானும் பின்னால் ஏறினேன். நீதிபதியின் உத்தரவுப்படி நான் அந்தப் படியில் கால் வைக்கக் கூடாது. அதற்காக இங்கேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரே அடியில் பூட்டு தெறித்தது. அடுத்த அடியில் கதவுக்குப் பக்கத்துச் சுவர் போயிற்று. நான் உள்ளே நுழைந்து சுவருக்கு முன்னால் நின்றுகொண்டேன்.

"அம்மா, நகரு."

"நகரமாட்டேன்டா."

"செத்துப்போன மனுஷனோட பொம்மை வாத்துக்காக என்னை மறிக்கிறியா?"

"வாத்துக்காக இல்ல. அறையை வாடகைக்காரருக்குக் கொடுக்கப்போறேன்."

"கொடுத்தாச்சா?"

"இன்னும் இல்ல. ரெண்டு தடவைதான் கேட்டிருக்கேன்."

"உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு" என்று என்னைத் தோளால் இடித்துத் தள்ளினான். வாத்துகள்மேல் விழுந்தேன். இரண்டு விலா எலும்பு. அவன் சம்மட்டியை மறுபடி ஓங்கினான், என்னைப் பார்த்து அல்ல, சுவரைப் பார்த்துத்தான். அதை நான் வாக்குமூலத்திலும் சொன்னேன். ஹார்லனின் படகுத் துடுப்பு மூலையில் சாய்ந்திருந்தது. முழங்காலில் அடித்தேன். விழுந்தான். விழுந்த பிறகும் இரண்டு அடி அடித்தேன். முதல் அடி அறைக்காக. மற்ற இரண்டும் எதற்கு என்று வக்கீல் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் யோசிக்கிறேன்.

ஷெரீப்பின் ஆள் என் கையிலிருந்து துடுப்பை வாங்க வந்தார். அவரையும் ரோட்னி என்று நினைத்துவிட்டேன். அவருக்குத் தாடை.

பின்னறையை எடுத்துக்கொள்ளுங்கள், திரு. ஓபர்லி. மூன்றாம் தடவை.

ஆர்லிஸ் ப்ருகமன்


மாடி, 614 சம்மர் தெரு
மார்ச் 18

அன்புள்ள மிஸஸ் ப்ருகமன்,

உங்கள் மார்ச் 6 கடிதம் 15ஆம் தேதி வந்தது. தீர்ப்பு 14ஆம் தேதி.

நீதிமன்றத்தில் கூட்டம். அதே நீதிபதிதான். முதலில் உங்கள் வழக்கு எண்ணையும் என் வழக்கு எண்ணையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"பெண்ணுக்கு அறை இருக்கா?" என்றார்.

"வீட்டுக்காரம்மா தர்றேன்னாங்க, ஐயா."

"எத்தனை தடவை?"

"ரெண்டு."

கூடத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. மேசியின் அம்மா பக்க வக்கீல் டல்லஸ்காரர், இந்த ஊர் முறை தெரியாதவர். "மாண்புமிகு நீதிபதி அவர்களே, ரெண்டு தடவை சொன்னா போதாதா? அறை இருக்குன்னுதானே அர்த்தம்? இதுல என்ன சந்தேகம்?" என்று எனக்குச் சாதகமாகவே கேட்டுவிட்டார். அவருடைய கட்சிக்காரி அவர் தொடையில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். நீதிபதி அவரை இரக்கத்தோடு பார்த்தார். பிறகு எழுத்தரைச் சிறைக்குத் தொலைபேசச் சொன்னார். பத்து நிமிஷம் கழித்து எழுத்தர் வந்து, "மூணாவதும் சொல்லியாச்சாம் ஐயா, கடிதம் போட்டாங்களாம். உங்க ஆளுங்கதான் முத்திரை குத்தாம வச்சிருக்காங்கன்னு திட்டுறாங்க" என்றார்.

மேசி என்னிடம்தான். வாரக் கடைசியில் மட்டும் அல்ல, எல்லா நாளும்.

சுவரை நானே பூசினேன். மேசி படுக்கையை ஜன்னலோரம் போடச் சொன்னாள். முதல் நாள் கதவை இருபது தடவை சாத்தித் திறந்து பார்த்தாள்.

இனிமேல் எழுதுவது கஷ்டமானது. தீர்ப்பில் ஏழாவது பத்தி என்று ஒன்று இருக்கிறது. வன்முறைக் குற்றத்தில் தண்டனை பெற்ற எவரும் குழந்தை இருக்கும் வீட்டில் வசிக்கவோ, முந்நூறு அடிக்குள் வரவோ கூடாது. நான் காதைக் கடித்தது தற்காப்பு, அதனால் நான் வசிக்கலாம். டார்வின் புகார் கொடுக்கவில்லை, அதனாலும் வசிக்கலாம். நீங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். அறுபது நாள் கழித்து வெளியே வரும்போது உங்கள் சொந்த வீட்டுக்குள் நீங்கள் நுழைய முடியாது, மேசி அங்கே இருக்கிறவரை. சந்தோஷத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

மிஸஸ் ப்ருகமன், நாங்கள் காலி செய்துவிடுகிறோம். உங்கள் வீடு உங்களுக்கு. எங்களுக்கு எங்காவது கிடைக்கும்.

பணிவுடன்,
ட்ரென்ட்


மாடி அறை 3, துணி வெளுக்கும் கடைக்கு மேல்
ஜெஃபர்சன் தெரு
மே 9

அன்புள்ள திரு. ஓபர்லி,

திங்கட்கிழமை வெளியே விட்டார்கள். சிறையில் மோசமில்லை. தொலைக்காட்சிக்காக ஒரு சண்டை. அந்தப் பெண்ணுக்கு இருபத்தாறு வயது, நான் கூந்தலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பிறகு எனக்குப் பிடித்த நிகழ்ச்சியையே வைத்தார்கள்.

எழுபத்தொரு வயதில் முதல் முறையாக வாடகைக்குக் குடிவந்திருக்கிறேன். வீட்டுக்காரன் சின்னப் பையன், டுபுக் நகரத்தில் வளர்ந்தவன். வந்த அன்று, "கணப்பை உங்க இஷ்டத்துக்கு வச்சுக்கலாம், பாட்டி" என்றான். வேண்டாம் என்றேன். மறுபடி கேட்டான். வேண்டாம் என்றேன். அதோடு போய்விட்டான். இரண்டு நாளாகக் கோட்டைப் போட்டுக்கொண்டு தூங்குகிறேன். பையன் மனதில் இருப்பது இப்போது தெரிந்துவிட்டது.

ரோட்னி வந்து பார்த்தான். தடி ஊன்றி நடக்கிறான். ஒரு மணி நேரம் எதிரே உட்கார்ந்திருந்தான். நான் எழுந்தால் அவன் நாற்காலியைப் பின்னால் நகர்த்தினான். என் வயிற்றில் பிறந்தவன், நான் சர்க்கரை எடுக்க எழுந்தால் நடுங்குகிறான். விழுந்த பிறகு அடித்த இரண்டு அடியும் எதற்கு என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. அரிசோனாக்காரர்கள் வேறு வீடு பார்த்துவிட்டார்களாம். இத்துடன் மூன்று வருஷக் குத்தகைப் பத்திரம் வைத்திருக்கிறேன், பின்னறையும் சேர்த்து. கையெழுத்து என்னுடையது, முழுப் பெயரும் நானே எழுதியது. வாத்துகளை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ஹார்லன் அவற்றோடு போய்விடுவார். எனக்கு அவற்றை ஒருநாளும் பிடித்ததில்லை.

இனி, நீங்கள் காலி செய்கிறேன் என்று எழுதியது. அதைச் சிறையில் படித்தபோது உடனே பதில் எழுதிவிட்டேன். 'சரி, எப்போது?' என்று இரண்டே வார்த்தை. அப்படி எழுத எனக்கு உரிமை உண்டு என்று பட்டது. நீங்கள் செய்ததைத்தான் நானும் செய்கிறேன். அது என் வீடு. அந்தச் சமையலறையில் எந்தப் பலகை கிறீச்சிடும் என்று எனக்குத் தெரியும். உறையில் போட்டு ஒட்டியும் விட்டேன். முத்திரை குத்தும் காவலர் அன்று விடுப்பு. கடிதம் இரண்டு நாள் என் தலையணைக்கு அடியில் கிடந்தது. மூன்றாம் நாள் கிழித்துப் போட்டேன்.

ஆகவே என் பதில்: வேண்டாம். அங்கேயே இருங்கள்.

இது வழக்கமான வேண்டாம் அல்ல. இதற்குப் பிறகு நீங்கள் இன்னொரு தடவை கேட்பது முறை என்று எனக்குத் தெரியும். உங்கள் அப்பா இந்த ஊர்க்காரர், கேட்பீர்கள்.

கேட்காதீர்கள். கேட்டால் சரி என்று சொல்லிவிடுவேன்.

ஆர்லிஸ்